வலிக்காத கடி

கேள்வி:

"டாக்டர், எங்கள் ஊர் முத்துப்பேட்டைப் பக்கம். என் தம்பிக்கு 24 வயது. அப்பாவோடு ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறான். போன மாதம் ஒருநாள் விடியற்காலை 5 மணி இருக்கும், கெளுத்தி பட்ட வலையை உதறிக்கொண்டிருந்தபோது விரலில் ஏதோ பட்டது மாதிரி இருந்ததாம். பார்த்தால் வலைக்குள் பாம்பு. வலி இல்லை, வீக்கம் இல்லை, ரத்தம்கூட ஒரு பொட்டுதான். 'கடல் பாம்புக்கு விஷம் கிடையாதுடா, என்னை ரெண்டு தடவை கடிச்சிருக்கு' என்று அப்பா சொல்லிவிட்டார். கரைக்கு வந்து மீனை ஏலம் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான். எட்டு மணிக்கெல்லாம் கழுத்தும் தொடையும் வலிக்கிறது என்றான். இட்லி பிட்டுக் கொடுத்தால் வாயைத் திறக்க முடியவில்லை. மத்தியானம் மூத்திரம் வரக்காப்பி மாதிரி போனது. பயந்துபோய் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கடல் பாம்பு என்றதும் விஷமுறிவு ஊசி போடவே இல்லை. ட்ரிப்ஸ் மட்டும் ஏற்றி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கேயும் ஊசி இல்லை. மூன்று தடவை டயாலிசிஸ், 11 நாள் ஐசியூவும் வார்டுமாகக் கிடந்து பிழைத்து வந்தான். ஊசி போட்டிருந்தால் கிட்னி கெட்டிருக்காது, கேஸ் போடு என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். அப்பா அன்றிலிருந்து யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. ஊசி போடாதது தப்பா? கிட்னி பழையபடி ஆகுமா? அவன் மறுபடி கடலுக்குப் போகலாமா? வலையில் இனி பாம்பு வந்தால் என்ன செய்வது?"

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தம்பி வீடு திரும்பியது பெரிய நிம்மதி. உங்கள் முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் வீட்டுக்குள் புகைந்துகொண்டிருக்கிறது. அந்த இரண்டு மருத்துவமனைகளிலும் ஊசி போடாதது தப்பில்லை. அதுதான் சரியான முடிவு. முதல் மருத்துவமனையில் தாமதிக்காமல் ட்ரிப்ஸ் ஏற்றி, டயாலிசிஸ் வசதி உள்ள இடத்துக்கு அனுப்பினார்களே, உங்கள் தம்பி இன்று நடமாடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நம் மருத்துவமனைகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து நான்கு பாம்புகளின் விஷத்தைக் கொண்டு தயாராவது: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்த விஷத்தில் பெரும்பங்கு நம் வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கப்பட்ட இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்துதான் போகிறது. அந்த விஷத்தைக் குதிரைகளுக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, குதிரையின் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் புரதங்களைப் பிரித்தெடுத்து மருந்தாக்குகிறார்கள். எந்தப் பாம்பின் விஷத்தைக் குதிரை கண்டதோ அந்த விஷத்தைத்தான் அந்தப் புரதம் பிடிக்கும். கடல் பாம்பின் விஷத்தை அந்தக் குதிரைகள் கண்டதே இல்லை. ஆகவே உங்கள் தம்பிக்குப் பத்து குப்பி போட்டிருந்தாலும் அவர் உடம்பில் ஓடிய விஷத்தை அது தொட்டிருக்காது. வேறொன்றையும் யோசியுங்கள். குதிரைப் புரதம் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். ரத்த அழுத்தம் விழும், மூச்சு முட்டும். பலன் இருக்கும் இடத்தில் அந்த ஆபத்தை நாங்கள் துணிந்து ஏற்போம். பலனே இல்லாத இடத்தில் ஏற்கக் கூடாது.

கடல் பாம்புக்கென்று ஒரு விஷமுறிவு மருந்து இருக்கத்தான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மெல்போர்னில் தயாராகிறது. உங்கள் தம்பியைக் கடித்தது அநேகமாக எந்தப் பாம்போ அதே வகைப் பாம்பின் விஷத்தை வைத்துத்தான் அதையும் செய்கிறார்கள். ஆனால் நான் வேலை பார்த்த எந்தக் கடலோர மருத்துவமனை அலமாரியிலும் அந்தக் குப்பியைக் கண்டதில்லை. எனக்கு இது நெடுநாள் வருத்தம். அதற்காக, கையில் இல்லாத மருந்தைப் போடவில்லை என்று அன்று பணியில் இருந்த மருத்துவர் மேல் வழக்குப் போடுவதில் நியாயம் இல்லை.

"அதே வகை" என்றேன். நீங்கள் அனுப்பிய விவரத்தை வைத்து நான் ஊகிப்பது வலகடியன். சேறும் சகதியுமான ஆழமில்லாத கடல், அலையாத்திக் காட்டு முகத்துவாரம், வலை நிறையக் கெளுத்தி, கடித்த பிறகு உடம்பெல்லாம் தசைவலி. எல்லாம் அந்தப் பாம்பைத்தான் காட்டுகின்றன. வலையைக் கடிக்கிறவன் என்று காதில் விழும் இந்தப் பெயர் நம் கரையிலிருந்து எவ்வளவு தூரம் போயிருக்கிறது தெரியுமா? கோரமண்டல் கரைப் பாம்புகளை வரைந்து விவரித்த பாட்ரிக் ரஸ்ஸல் என்ற மருத்துவர் இங்கே கேட்டதைக் கேட்டபடி ஆங்கிலத்தில் எழுதி வைத்தார். 1827-ல் ஐரோப்பிய விலங்கியல் அறிஞர் ஒருவர் அதையே லத்தீன் பெயராக்கி, 'ஹைட்ரஸ் வலகடின்' என்று சூட்டினார். இப்போது வழங்கும் அறிவியல் பெயர் ஹைட்ரோஃபிஸ் சிஸ்டோசஸ். பெயர் வைக்கும் அளவுக்கு இந்தப் பாம்பை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். அப்படியிருக்க, விஷம் இல்லை என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

இங்கேதான் உங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பொய் சொல்லவில்லை, அறியாமையிலும் சொல்லவில்லை. தனக்கு நடந்ததைச் சொன்னார். வலகடியனின் விஷப்பல் 4 மில்லிமீட்டர்கூட இருக்காது. விஷம் அதற்கு இரை பிடிக்கத் தேவையான முதல். கெளுத்தியைச் செயலிழக்கச் செய்ய வைத்திருக்கும் சரக்கை, தின்ன முடியாத மனிதக் கை மேல் அது பெரும்பாலும் செலவழிப்பதில்லை. பினாங்கு பொது மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் அலிஸ்டர் ரீட், 1950-களிலும் 60-களிலும் மலாயாக் கரை மீனவர்களைக் கடித்த கடல் பாம்புகளைப் பற்றி வருடக்கணக்காகப் பதிவு செய்தார். கடிபட்டவர்களில் மிகப் பலருக்கு விஷம் ஏறவே இல்லை, அல்லது ஏறியும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்பது அவர் கண்டது. கூடவே இன்னொன்றையும் கண்டார். கடித்ததில் பாதிக்கு மேல், கொன்றதில் பெரும்பங்கு, வலகடியன்தான்.

ஆக, உங்கள் அப்பாவைக் கடித்த இரண்டு முறையும் பாம்பு விஷத்தை இறக்கவில்லை. அவர் அப்பாவுக்கும் அப்படி நடந்திருக்கலாம். ஒரு குப்பத்தில் பத்துப் பேர் கடிபட்டு எட்டுப் பேர் மறுநாள் தொழிலுக்குப் போனால், அந்த எட்டுப் பேரின் சொல்தான் ஊரில் நிற்கும். இறந்தவரின் சாவோ, மஞ்சள் காமாலை என்றோ மாரடைப்பு என்றோ வேறு பெயரில் போய்விடும். கடித்த இடத்தில் ஒன்றுமே தெரியாத பாம்பு அது. கடியையும் எட்டு மணி நேரம் கழித்து வரும் கறுத்த சிறுநீரையும் யார் முடிச்சுப் போடுவார்? இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டுங்கள். குற்ற உணர்வில் ஒரு மனிதர் வாயடைத்துப் போயிருப்பதும் கவனிக்க வேண்டிய நோய்தான்.

விஷம் இறங்கிவிட்டால் கதை வேறு. ஒரு கடியில் சராசரியாக 8 மில்லிகிராம் அளவு விஷம் இந்தப் பாம்பிடம் இருக்கும். ஒன்றரை மில்லிகிராம் ஒரு மனித உயிருக்குப் போதும் என்பது கணிப்பு.

தம்பியின் உடம்பில் நடந்ததைச் சொல்கிறேன், அவருக்கும் தெரிய வேண்டும். இந்த விஷம் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையைத் தடுக்கிறது. இமை தொங்குவது, மூச்சுத் தசைகள் சோர்ந்துபோவது எல்லாம் அதனால். இன்னொன்று, தசை நார்களையே சிதைக்கிறது. வலகடியன் கடியில் நான் அதிகம் பயப்படுவது இந்த இரண்டாவதற்குத்தான். தாடைத் தசை இறுகி வாய் திறக்கவில்லை. கழுத்தும் தொடையும் நோகின்றன, தாமே அசைத்தாலும் சரி, பிறர் தூக்கி அசைத்தாலும் சரி. சிதைந்த தசையிலிருந்து மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரில் இறங்குகிறது. வரக்காப்பி நிறம் அதுதான். அது ரத்தம் இல்லை. கடல் பாம்பு விஷம் மனித உடம்பில் முக்கியமாகத் தசையைத் தாக்குகிறது என்பதை, இந்தச் சிறுநீரை வைத்துத்தான் ரீட் 1961-ல் எழுதினார்.

மயோகுளோபின் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைத்துச் சேதப்படுத்தும். அதே நேரத்தில் தசைக்குள் அடைபட்டிருந்த பொட்டாசியம் வெளியே கொட்டும். ரத்தத்தில் பொட்டாசியம் எல்லை மீறினால் இதயம் திடீரென நின்றுவிடும், முன்னறிவிப்பே இல்லாமல். ட்ரிப்ஸ் ஏற்றியது சிறுநீரகத்தைக் கழுவிவிட. டயாலிசிஸ் செய்தது பொட்டாசியத்தை இறக்கவும், சிறுநீரகம் தேறும்வரை அதன் வேலையைச் செய்யவும். ஊசி இல்லாத ஊரில் கடல் பாம்புக் கடிக்கு இதுதான் வைத்தியம், கூடவே தேவைப்பட்டால் வென்டிலேட்டர். இது குறைந்த வைத்தியம் என்று நினைக்காதீர்கள். நேரத்துக்குக் கிடைத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள்.

உங்களுக்கு இழப்பு நேர்ந்தது ஊசியில் இல்லை. விடியற்காலை 5 மணிக்கும் மத்தியானத்துக்கும் நடுவே போன நேரத்தில். எட்டு மணிக்குக் கழுத்து வலித்தபோதே ட்ரிப்ஸ் ஏறத் தொடங்கியிருந்தால் டயாலிசிஸ் தேவைப்படாமலேகூடப் போயிருக்கலாம். யாரையும் குத்திக் காட்ட இதைச் சொல்லவில்லை. உங்கள் குப்பத்தில் அடுத்த கடி நடக்கும்போது இந்த மணிக்கணக்கு யாருக்காவது நினைவுக்கு வர வேண்டும்.

மருத்துவர்களும் இதில் தடுமாறுகிறோம். பல வருடங்களுக்கு முன், ஒரு கடலோர தாலுகா மருத்துவமனையில் நான் இரவுப் பணியில் இருந்தேன். கரைவலை இழுக்கும் ஒருவர் வந்தார், பாம்பு கடித்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. வீக்கம் இல்லை. இமை தொங்கவில்லை. கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை 20 நிமிடம் வைத்துப் பார்க்கும் சோதனையில் ரத்தம் ஒழுங்காக உறைந்தது. விஷம் ஏறவில்லை என்று சீட்டில் எழுதிவிட்டேன். அந்தச் சோதனை விரியன் கடிக்கானது, கடல் பாம்பு ரத்த உறைவைக் கெடுப்பதில்லை என்பது பாடத்தில் படித்ததுதான், அந்த நேரத்தில் தோன்றவில்லை. அவருக்கு டீ வாங்கிக் கொடுத்த செவிலியர் அக்கா வந்து, "டாக்டர், டம்ளர் உதட்டில் இடிக்குது, வாய் திறக்கலை" என்றார். முதலில் டெட்டனஸோ என்று குழம்பினேன். சிறுநீர் பிடிக்கச் சொன்னேன். நிறத்தைப் பார்த்ததும் சீட்டைக் கிழித்தேன். அவர் ஒரு வாரம் டயாலிசிஸில் இருந்து பிழைத்தார். அந்த அக்கா கவனிக்காமல் இருந்திருந்தால் நான் அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

அதனால் மருத்துவமனைக்குப் போகிற குடும்பங்களுக்கு நான் சொல்வது: வாசலிலேயே "கடல் பாம்பு, இத்தனை மணிக்குக் கடித்தது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். வெறுமனே பாம்புக் கடி என்றால் நிலத்துப் பாம்பு வரிசையில் நிறுத்திவிடுவார்கள். சிறுநீர்ச் சோதனை, சிபிகே என்ற தசை நொதிச் சோதனை, பொட்டாசியம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், ஈசிஜி ஆகியவை எடுத்தாயிற்றா என்று மரியாதையாகக் கேளுங்கள். ஒன்றும் தெரியவில்லை என்றாலும் 24 மணி நேரம் அங்கேயே இருங்கள். விஷம் ஏறியிருந்தால் வலி பெரும்பாலும் அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் தொடங்கிவிடும். சிறுநீர் கறுக்க இன்னும் தாமதமாகும்.

இனி சிறுநீரகத்துக்கு வருகிறேன். இந்த வகைச் சேதம் பெரும்பாலும் தேறிவிடும். சர்க்கரை நோயில் வருடக்கணக்காகத் தேய்ந்துபோகும் சிறுநீரகம் வேறு, ஒரே நாளில் அடிபட்டது வேறு. அடிபட்ட நுண்குழாய்ச் சுவர் மறுபடி வளரக்கூடியது. 24 வயது, மூன்று டயாலிசிஸோடு நின்றது, இரண்டும் நல்ல அறிகுறிகள். கிரியேட்டினின் இப்போது ஒருமுறை, அடுத்த மாதம் ஒருமுறை, மூன்றாம் மாதம் ஒருமுறை பாருங்கள். டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டி அருகிலுள்ள சிறுநீரக மருத்துவரிடம் பதிந்துகொள்ளுங்கள்.

தசைவலி இன்னும் சில வாரம் இருக்கும். அதற்கு மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகளைக் கேட்டு வாங்கிவிடாதீர்கள். தேறிக்கொண்டிருக்கும் சிறுநீரகத்துக்கு அவை எதிரி. யாராவது விஷ முறிவுக்கு என்று பொடியோ பஸ்பமோ கொடுத்தால் அதுவும் வேண்டாம். இன்னொன்று, நம் வீடுகளில் நோயாளி என்றால் உடனே இளநீர் வெட்டுவோம். இளநீரில் பொட்டாசியம் அதிகம், வாழைப்பழத்திலும் அப்படியே. ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியமும் கிரியேட்டினினும் சரியாக இருப்பதாக மருத்துவர் சொல்லும்வரை இரண்டும் வேண்டாம். கடித்த அன்றைக்கு இளநீர் கொடுப்பதோ இதைவிட ஆபத்து. தண்ணீர் எவ்வளவு குடிக்கலாம் என்பது அவருக்குச் சிறுநீர் எவ்வளவு போகிறது என்பதைப் பொறுத்தது, அதைப் பார்க்கும் மருத்துவரே சொல்லட்டும்.

கடலுக்குப் போகலாமா? போகலாம். கிரியேட்டினின் சீராகி, வலை இழுக்கும் அளவுக்குத் தோளில் பலம் திரும்பிய பிறகு. ஒருமுறை கடிபட்டதால் அடுத்த கடி தாங்கும் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். அப்படி ஒரு பாதுகாப்பு உடம்பில் உருவாவதில்லை.

வலையில் வரும் பாம்பைப் பற்றிக் கேட்டீர்கள். வலகடியன் ஏன் உங்கள் வலைக்கு வருகிறது என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அதன் முக்கிய உணவு கெளுத்தி, அடுத்து பேத்தை. முள்ளும் விஷமும் உள்ள, வேறு பாம்புகள் விரும்பாத மீன்களைத் தலைப்பக்கமாக விழுங்குகிறது. சில சமயம் கெளுத்தி முள் பாம்பின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாம், அப்படியும் பாம்பு உயிரோடு திரிவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். கெளுத்தி நிறையப் பட்ட வலை என்றால் அதற்குள் வலகடியன் இருக்கும் என்று வைத்துக்கொண்டே கை வைக்க வேண்டும். சேற்று நீரில் கண்ணால் பார்க்க முடியாது, விடியற்காலை என்றால் கேட்கவே வேண்டாம்.

இந்தக் கெளுத்தியை வைத்தே உங்களுக்கு ஒரு அடையாளம் சொல்கிறேன். கெளுத்தி முள் குத்தினால் உயிர் போகிற எரிச்சல் வரும், அந்த நொடியே. கைபொறுக்கும் சுடுநீரில் முக்கினால் மெல்ல அடங்கும். வலகடியன் கடித்தால் ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. இருட்டில் வலையை உதறும்போது கையில் ஏதோ பட்டு, ஒரு பொட்டு ரத்தம் இருந்து, வலி இல்லாவிட்டால், அப்போதுதான் படகைத் திருப்ப வேண்டும். நம் மனம் நேரெதிராக வேலை செய்கிறது. வலித்தால் ஓடுகிறோம், வலிக்காவிட்டால் ஏலம் முடியட்டும் என்கிறோம்.

பாம்பை எப்படி அடையாளம் காண்பது? எல்லாக் கடல் பாம்புக்கும் வால் துடுப்பு மாதிரி தட்டையாக இருக்கும். விலாங்குக்கு உடம்பை ஒட்டி நீண்ட துடுப்பு உண்டு, செவுள் துளையும் உண்டு. பாம்புக்கு இரண்டும் இல்லை. வளர்ந்த வலகடியன் ஒரு மீட்டர் நீளத்துக்கு மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்கும். குட்டிகளில் கறுப்புப் பட்டைகள் தெளிவாகத் தெரியும். மேல்தாடையின் நுனி அலகு போலக் கீழே வளைந்திருக்கும். ஆனால் படகில் நின்று இனம் பிரித்துக்கொண்டிருக்காதீர்கள். ஆஸ்திரேலியப் பக்கத்தில் வாழும் வலகடியனும் நம் வலகடியனும் ஒன்றென்றே நெடுங்காலம் அறிவியல் உலகமே நம்பியது. இலங்கையின் கனிஷ்க உக்குவெல தலைமையிலான ஆய்வாளர்கள் மரபணுவைப் பார்த்து, 2013-ல் வெளியான கட்டுரையில், அவை தனித்தனி இனங்கள், வாழ்க்கை ஒன்றாக இருந்ததால் உருவமும் ஒன்றாகிவிட்டது என்றார்கள். தட்டை வால் பாம்பு கடித்தால் எல்லாம் வலகடியன்தான் என்று எடுத்துக்கொள்வதே நல்லது.

வலையில் தெரிந்தால் கையால் பிரிக்க வேண்டாம். வலைக்கண்ணைத் தளர்த்தி, நீளமான கழியாலோ கொக்கியாலோ வாலருகே தூக்கிக் கடலில் விட்டுவிடுங்கள். இரண்டு கண்ணி அறுந்தாலும் பரவாயில்லை. தடித்த ரப்பர் கையுறை முழு உத்தரவாதம் இல்லை, ஆனாலும் 4 மில்லிமீட்டர் பல்லுக்கு அது பெரிய தடைதான். வலை உதறும்போது நெற்றியில் கட்டும் டார்ச் அவசியம். செத்தது மாதிரி கிடக்கும் பாம்பையும் தொடாதீர்கள். நீருக்கடியில் வலையில் மாட்டி மூச்சில்லாமல் மயங்கிக் கிடந்து, படகில் போட்டதும் தெளிந்து கடிக்கும். எனக்கு மிகவும் பயம் தருவது கரையில் நடப்பது. வலையிலிருந்து எறிந்த பாம்பைச் சின்னப் பிள்ளைகள் வாலைப் பிடித்துச் சுழற்றி விளையாடுவதை எத்தனையோ கரையில் பார்த்திருக்கிறேன். பெரியவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். பிள்ளையின் எடைக்கு அதே விஷம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அடித்துக் கொல்லவும் வேண்டாம். கடல் பாம்புகள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. சட்டத்தை விடுங்கள், அது கரையேறி வந்து யாரையும் கடிப்பதில்லை. முட்டைகூட இடாமல் கடலிலேயே குட்டி போட்டு, கடலிலேயே முடிகிற உயிர். அதன் இரை நம் வலையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

கடித்துவிட்டால், கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவர் அதற்குப் பிறகு வலை இழுக்கக் கூடாது, துடுப்புப் போடக் கூடாது, மீன் கூடை தூக்கக் கூடாது. படுக்க வைத்து, கையையோ காலையோ எலும்பு முறிந்ததற்குக் கட்டுவது போல ஒரு பலகை வைத்துத் துணியால் அசையாமல் கட்டுங்கள். போனில் பாம்பை ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், பிடித்துக்கொண்டு வர வேண்டியதில்லை. கரையில் நிற்பவருக்குப் போன் போட்டு 108 வண்டியைக் கரைக்கே வரவழையுங்கள். தூரத்தில் இருந்தால் கடலோரக் காவல் படையின் 1554. வழியில் சிறுநீர் வந்தால் தண்ணீர் பாட்டிலில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், மருத்துவருக்கு அதைவிட நல்ல தகவல் கிடையாது. வாந்தி வந்தாலோ இமை சோர்ந்தாலோ ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

வழக்கைப் பற்றிக் கடைசியாக. உங்கள் கோபத்தை வீணாக்க வேண்டாம், அதற்குச் சரியான இடம் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக் கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியது. ஒவ்வொரு கடியையும் மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். தம்பியின் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் வெறும் 'பாம்புக் கடி' என்றோ, 'சிறுநீரகச் செயலிழப்பு' என்று மட்டுமோ இருந்தால், திருப்பிப் போய் 'கடல் பாம்புக் கடி' என்று எழுதித் தரக் கேளுங்கள். எங்கள் மாவட்டத்தில் இத்தனை கடல் பாம்புக் கடி என்ற எண்ணிக்கை காகிதத்தில் இருந்தால்தான், அந்த மெல்போர்ன் குப்பியில் நான்கைந்தாவது கடலோர மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு வாங்கி வையுங்கள் என்று எங்களைப் போன்றவர்கள் கேட்க முடியும். தாலுகா மருத்துவமனையில் இரவிலும் சிபிகே, பொட்டாசியம் பார்க்க வசதி வேண்டும் என்று கேட்கவும் அதே எண்ணிக்கைதான் வேண்டும். உங்கள் ஊர் மீனவர் சங்கத்தின் மூலம் மாவட்ட சுகாதார அதிகாரிக்கு ஒரு மனுவும் எழுதுங்கள். தம்பியின் கதையை நேரக்கணக்கோடு அதில் சேருங்கள்.

அடுத்த கிரியேட்டினின் பரிசோதனைக்குப் போகும்போது அப்பாவையும் கூட்டிப் போங்கள். மருத்துவர் தம்பியிடம் சொல்வதை அவரும் நேரில் கேட்கட்டும். ரிப்போர்ட் வந்ததும் எண்ணை மட்டும் எனக்கு எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.